பெட்டியில் பூஜ்யம்

அடுக்களைச் சுவரில் தொங்கிய பெட்டி, காற்று பூஜ்யம் என்று சொன்னது. அது சொல்லி வாய் மூடவில்லை, கை இன்னும் தைக்காத சட்டை ஒன்று மதிலைத் தாண்டிப் பறந்து வந்து ஜன்னல் கம்பியில் அப்பிக்கொண்டது. பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவின் கொடியிலிருந்து கிளம்பிய சட்டை.

அடுக்களையில் இருந்த மூன்று பேரும் பெட்டியைப் பார்த்தார்கள். சட்டையைப் பார்த்தார்கள். மறுபடியும் பெட்டியைப் பார்த்தார்கள்.

"காத்தே இல்லைங்குது. அப்ப இந்தச் சட்டை எப்படி வந்துச்சு? நடந்து வந்துச்சா?" என்றாள் தங்கச்சி.

"பேட்டரி போயிருக்கும்," என்றார் அவள் புருஷன். பஸ் ஓட்டுகிறவர். வண்டியில் எது நின்றாலும் முதலில் பேட்டரியைத் திட்டுவது அவர் வழக்கம்.

"என்னைக் கேட்டா..." என்று ஆரம்பித்தார் அவளுடைய அண்ணன். தன்னை யாரும் கேட்கவில்லை என்பது பாதியிலேயே நினைவுக்கு வந்து, மீதியை டீயோடு சேர்த்து விழுங்கிவிட்டார்.

அண்ணனுக்குக் கிரீஸ்காரர் என்று பெயர். வேலை கொடுத்த பெயர் அது. கல் உடைக்கும் குவாரியில், உடைந்த கல்லைச் சுமந்துகொண்டு மேலே ஏறும் பெல்ட்டுக்கு அடியில் வரிசையாக உருளைகள் இருக்கும். அந்த உருளைகளுக்குக் கிரீஸ் அடித்தே அவருடைய முடி நரைத்தது. பிறகு ஒருநாள், குழாய் வழியாகத் தானே கிரீஸ் அடித்துக்கொள்ளும் பம்பு வந்தது. பம்பு உள்ளே வந்தது, இவர் வெளியே வந்தார். வரும்போது ஒரு துணிப்பையும் பாதி தீர்ந்த கிரீஸ் டப்பாவும் கையில் இருந்தன. டப்பாவை ஏன் எடுத்து வந்தார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

தங்கச்சி வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே வீட்டில் கத்திய கதவெல்லாம் ஊமையாகிவிட்டது. கேட்டில் கை வைத்தால் கை கறுத்தது. "அண்ணே, இந்த வீட்டுக்குத் திருடன் வந்தாக்கூடச் சத்தம் கேக்காது," என்று தங்கச்சி சொன்னாள். அவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

பெட்டியின் கதைக்கு வருவோம். வீட்டுக்குப் பின்னால் தங்கச்சியின் நாற்றுக் கொட்டகை இருந்தது. இரும்புக் குழாய் வளைத்து மேலே பிளாஸ்டிக் தாள் போர்த்திய கொட்டகை. உள்ளே தக்காளி, மிளகாய், கத்தரி நாற்றுகள் தட்டுத் தட்டாக நிற்கும். இரண்டு பக்கமும் சுருட்டி ஏற்றி இறக்கும் திரை. திரையை ஏற்றி வைத்தால்தான் நாற்றுக்கு மூச்சு. ஆனால் பெருங்காற்று உள்ளே புகுந்தால் கொட்டகை குடை மாதிரி உப்பிக் கிழிந்துவிடும். போன வருஷம் அப்படித்தான் ஒரு கொட்டகை நாற்று மண்ணோடு மண்ணாகப் போனது. இறக்கியே வைத்திருக்கலாமே என்றால் அதுவும் முடியாது. வெயில் ஏறினால் நாற்று அவிந்துவிடும்.

அதனால்தான் அவள் புருஷன் மொட்டை மாடியில் ஒரு கம்பம் நட்டார். கம்பத்தின் தலையில் மூன்று கறுப்புப் பிளாஸ்டிக் கிண்ணங்கள். காற்று கிண்ணத்தைச் சுற்றும். சுற்றுகிற அச்சில் ஒரு துண்டுக் காந்தம், அடியில் ஒரு சின்னக் கண்ணாடிச் சுவிட்சு. காந்தம் தாண்டுகிற ஒவ்வொரு தடவையும் சுவிட்சு ஒட்டிப் பிரியும். ஒயர் வழியாக வருகிற அந்தத் துடிப்பை எண்ணி, அடுக்களைப் பெட்டி காற்றின் வேகத்தைச் சொல்லும். அளவு மீறினால் வீடே அதிரக் கத்தும். முன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு விதை போட்டுக்கொண்டிருக்கும் தங்கச்சி எழுந்து ஓடிப் போய்த் திரையை இறக்குவாள்.

அந்த நாற்றை நம்பித்தான் அவள் குளிர்க்கிடங்கு வேலையை விட்டாள். பழப்பெட்டி அடுக்குகிற வேலை. நாள் முழுக்கக் குளிரில் நின்று நின்று அவள் விரல் நுனிகள் மரத்துப்போயிருந்தன. விட்டு வரும்போது அங்கே இருந்த மேஸ்திரி, "உன் இடம் அப்படியே இருக்கும், எப்ப வேணா வா," என்று சிரித்தபடி சொன்னாராம். அந்தச் சிரிப்பை நினைத்தாலே அவளுக்கு விரல் குளிரும். இந்தத் தடவையும் நாற்று போனால் அங்கேதான் திரும்பிப் போகவேண்டும். அது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். 

சட்டை பறந்து வந்த அந்தக் காலைக்குச் சில நாள் முன்பு, மாடியில் அந்தக் கிண்ணம் கத்த ஆரம்பித்திருந்தது. கிறீச்... கிறீச்... கிரீஸ்காரர் படுக்கிற அறைக்கு நேர் மேலே. மற்றவர்களுக்கு அது வெறும் சத்தம். அவருக்கோ, யாரோ தண்ணீர் கேட்டுக் கதறுகிற மாதிரி. குவாரியில் ஓர் உருளை கத்தினால் மேலே இருந்து ஒரே குரல் வரும்: "யோவ் கிரீஸு!" அந்தக் குரல் இப்போதும் காதில் விழுந்தது. எழுந்தார், டப்பாவோடு மாடி ஏறினார், கிண்ணத்தைக் கழற்றினார், அச்சின் உள்ளே பழைய அழுக்கு பிதுங்கி வெளியே வரும்வரை அடைத்தார், வழித்தார், மாட்டினார். சத்தம் நின்றது. காற்றே மரியாதையாக நடந்துகொள்வது போலிருந்தது அவருக்கு.

இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மறைக்கவும் இல்லை. மூச்சு விட்டேன் என்று யாராவது வந்து சொல்லிக்கொண்டிருப்பார்களா?

சட்டை பறந்து வந்த அன்று மத்தியானமே பஸ்காரர் பேட்டரியை மாற்றினார். மாடியில் நல்ல வெயில். கிண்ணங்கள் விர்ரென்று சுற்றின. பெட்டியும் ஒழுங்காக எண் காட்டியது. "பாத்தியா, பேட்டரிதான்," என்று இறங்கி வந்தார். ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த கிரீஸ்காரர், வேலை பூர்த்தியாகட்டும் என்று தானும் ஒரு தடவை ஏறி, அச்சில் ஒரு விரல் கிரீஸ் தொட்டு வைத்துவிட்டு வந்தார்.

மறுநாள் காலையில் பூஜ்யம்.

"ஒயர்ல எங்கியோ விட்டுப்போயிருக்கு," என்றார் பஸ்காரர். மத்தியானம் வண்டியை விட்டுவிட்டு வந்து ஏறினார். அவர் ஏறும்போது கிண்ணம் சுற்றிக்கொண்டிருந்தது. இருந்தாலும் ஒயர் முனையைச் சுரண்டிப் புதிதாக முறுக்கி டேப் ஒட்டினார். பெட்டி சரியாகச் சொன்னது. அவர் இறங்கினார். கிரீஸ்காரர் ஏறினார். ஒரு விரல்.

மறுநாள் காலை பூஜ்யம்.

அடுத்து, அடியில் இருந்த கண்ணாடிச் சுவிட்சையே மாற்றினார் பஸ்காரர். அது கீழ்ப்பக்கம் திறக்கிற மூடிக்குள் இருப்பதால் மேலே கிண்ணத்தைக் கழற்ற வேலையில்லை. மத்தியானம் எல்லாம் ஜோர். மறுநாள் காலை வழக்கம்போல பூஜ்யம்.

"டாக்டரைக் கண்டா மட்டும் வலி நின்னு போற ஆளு மாதிரில்ல இருக்கு," என்று பஸ்காரர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். கருவி விற்ற கடைக்குப் போன் போட்டார். கடைக்காரர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், காலையில உங்க பக்கம் காத்து அடிக்காதோ என்னமோ," என்றார். பஸ்காரர் போனை வைத்துவிட்டு மச்சான் பக்கம் திரும்பினார்.

"மத்தியானம் மட்டும் வேலை செய்யுது. காலையிலயும் சாயங்காலமும் செத்துப்போகுது. இது என்ன மச்சான், அரை நாள் லீவு போடுதா?"

"என்னைக் கேட்டா, கிரீஸ் பத்தலையோ என்னமோ," என்றார் கிரீஸ்காரர்.

"மச்சான், உங்களுக்குத் தலைவலி வந்தாலும் கிரீஸ்தான் தேய்ப்பீங்க போல!"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரித்துவிட்டு, ஒருவேளை நிஜமாகவே பத்தவில்லையோ என்று யோசித்தார்.

மதிலுக்கு அந்தப்பக்கமிருந்து தையல்காரம்மா எட்டிப் பார்த்தாள். வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டே பேசப் பழகியவள். "அந்தப் பெட்டியை ஏன் கேக்குறீங்க? என் கொடியைக் கேளுங்க. துணி இருந்தா காத்து இல்ல. துணி இல்லைன்னா காத்து இருக்கு."

இதற்கு நடுவே இன்னொன்றும் நடந்தது. ஒருநாள் காலை பெட்டி பூஜ்யம் காட்ட, கிரீஸ்காரருக்கு முதுகில் சில்லென்று காற்று பட்டது. பெட்டி கிடக்கட்டும் என்று அவராகவே போய் இரண்டு திரையையும் இறக்கிக் கட்டினார். கட்டிவிட்டுத் தெரு முனைக்குப் போய், தங்கச்சிக்கு வந்த மண் மூட்டைகளை இறக்கினார். அதற்குள் காற்று அடங்கிவிட்டது. வெயில் ஏறிவிட்டது. திரும்பி வந்து பார்த்தால் கொட்டகைக்குள் அனல். மிளகாய் நாற்றில் ஒரு வரிசை தலை தொங்கிக் கிடந்தது.

தங்கச்சி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. துவண்ட நாற்றை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டே மெல்லச் சொன்னாள்: "அண்ணே, பெட்டி கோளாறாவே இருக்கட்டும், அது கத்தினா மட்டும் இறக்குங்க. உங்க தோலு சொல்றதை எல்லாம் கேட்டா என் நாத்து வெந்து போயிரும்."

அன்றைக்கு அவர் மொத்தமாகக் குழம்பிப்போனார். பெட்டி காற்றில்லை என்றது, கடைசியில் காற்றில்லாமல்தான் போனது. அப்படியானால் பெட்டி சரியா? முதுகில் பட்டது என்ன? குவாரித் தூசியில் இத்தனை வருஷம் ஊறிய தோல், இனிமேல் எதையும் சரியாகச் சொல்லாதோ? அவர் உள்ளங்கையை ஊதிப் பார்த்தார். காற்று பட்டது. ஆனால் அது அவரே ஊதிய காற்று, சாட்சிக்கு ஆகாது.

மறுநாள் அந்தச் சாயங்காலம் வந்தது. மத்தியானத்திலிருந்தே வானம் மூடிக் கிடந்தது. வெயில் தலை காட்டவே இல்லை. பஸ்காரர் வண்டியில் போயிருந்தார். தங்கச்சி முன் அறையில் விதைத் தட்டுகளோடு உட்கார்ந்திருந்தாள். கிரீஸ்காரர் அடுக்களையில் பெட்டிக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். பெட்டி இரண்டு என்றது. ஒன்று என்றது. பூஜ்யம் என்றது.

"அண்ணே! யோவ் அண்ணே!" மதிலுக்கு அப்பால் தையல்காரம்மாவின் குரல். "என் துணியெல்லாம் உங்க கொட்டகை மேல கிடக்கு! கொடியே அறுந்து போச்சு!"

அவர் எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடியும் எழுந்து முன் அறைக்குப் போனார். "புள்ள, இறக்கிரட்டுமா?"

"பெட்டி என்ன சொல்லுது?"

"பூஜ்யம்."

அவள் விதைக் கையோடு பின்கட்டுக்கு வந்து பார்த்தாள். கொட்டகையின் பிளாஸ்டிக் படபடத்தது. அது எப்போதும் படபடக்கும். இன்றைக்குக் கொஞ்சம் கூடுதலோ? கூடுதல்தானோ? நேற்று வெந்த மிளகாய் வரிசை அவள் கண்ணிலேயே நின்றது. "தெரியலியே அண்ணே," என்றாள். அவள் அப்படிச் சொல்லி அவர் கேட்டதே இல்லை. 

"நான் மேல போய்க் கிண்ணத்தையே பாத்துட்டு வர்றேன்," என்று ஏணியில் ஏறினார்.

மாடியில் கால் வைத்ததும் தோளில் கிடந்த துண்டு போய்விட்டது. எங்கே போனது என்று பார்க்கக்கூட முடியவில்லை. கண்ணைத் திறக்க முடியாத காற்று. அந்தக் காற்றில், கம்பத்தின் தலையில், மூன்று கிண்ணங்களும் பாகில் கால் வைத்த எறும்பு மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தன.

கிண்ணத்தைத் தொட்டுச் சுற்றிப் பார்த்தார். கனத்தது. விரலை எடுத்ததும் நின்றுவிட்டது. அச்சின் ஓரத்தில் கிரீஸ் கெட்டிப்பட்டுத் திரண்டிருந்தது, அவருடைய விரல் ரேகையோடு.

அந்தக் கனம் அவர் விரலுக்குப் பழக்கமானது. குளிர்ந்த காலைகளில் குவாரி பெல்ட்டு இப்படித்தான் முனகிக்கொண்டு கிளம்பும். வெயில் ஏறி கிரீஸ் இளகியதும் சரளமாக ஓடும். ஆனால் அங்கே பெல்ட்டை இழுக்க ஒரு லாரி அளவு மோட்டார் இருந்தது. இதை இழுக்க என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. வெறும் காற்று. காலையில் பூஜ்யம், மத்தியானம் ஜோர், சாயங்காலம் பூஜ்யம். மேகம் மூடினால் நாள் முழுக்கப் பூஜ்யம். ஒவ்வொரு தடவையும் ஒரு விரல்.

"இறக்கு! திரையை இறக்கு! பெட்டி பொய்யி! நான்தான்!" என்று மாடி விளிம்பில் நின்று கத்தினார்.

காற்றில் ஒரு சொல்லும் கீழே போய்ச் சேரவில்லை. தங்கச்சிக்குத் தெரிந்ததெல்லாம், அண்ணன் மாடியில் நின்று இரண்டு கையையும் மேலும் கீழும் ஆட்டுகிறார் என்பதுதான்.

"ஏத்தச் சொல்றீங்களா, இறக்கச் சொல்றீங்களா?" என்று அவள் கத்தினாள். அதுவும் அவருக்குக் கேட்கவில்லை.

ஏணியில் இறங்கினாரா விழுந்தாரா என்று அவரால் சொல்ல முடியாது. ஓடிப்போய் இடதுபக்கத் திரையின் கைப்பிடியைப் பிடித்துச் சுழற்றினார். அதைப் பார்த்ததும் அவள் வலதுபக்கம் பாய்ந்தாள். இடதுபக்கம் இறங்கிவிட்டது. வலதுபக்கம் பாதியில் இருக்கும்போதே காற்று உள்ளே புகுந்து கோடித் தாளைத் தூக்கியது. டர்ரென்று ஒரு கிழிசல். கோடியில் இருந்த தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று கவிழ்ந்தன.

தையல்காரம்மா எப்படி மதிலைத் தாண்டினாள் என்பது இன்றுவரை யாருக்கும் புரியவில்லை. இடுப்பில் துணிக் கிளிப்புகளோடு வந்து நின்றாள். மூன்று பேரும் கிழிந்த தாளை இழுத்துப் பிடித்து, குழாயோடு சேர்த்துக் கிளிப்பு மாட்டி, அதன்மேல் சாய்ந்து நின்றார்கள். முதுகுக்குப் பின்னால் காற்று முட்டி மோதியது. "உங்க பெட்டி இப்ப என்ன சொல்லுதாம்?" என்றாள் தையல்காரம்மா, குண்டூசி இல்லாத வாயால். 

காற்று ஓய்ந்ததும் தங்கச்சி உள்ளே போய்ப் பார்த்தாள். கோடி வரிசைக் கத்தரி போய்விட்டது. தக்காளியும் மிளகாயும் நின்றன. அவள் வெகுநேரம் ஒவ்வொரு தட்டாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வெளியே வந்து, "நாத்து கேட்டவங்களுக்குக் கொஞ்சம் குறைச்சலா குடுக்கலாம். ஒத்துக்குவாங்க," என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. விரல்களை மட்டும் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

பஸ்காரர் சீருடையைக்கூட மாற்றாமல் கொட்டகையைச் சுற்றி வந்தார். சுற்றி முடித்ததும் கிரீஸ்காரர் டப்பாவைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்.

"இது என்ன மச்சான்?"

"இதுதான் மச்சான். கிண்ணத்துக்கு நான்தான் போட்டேன். வெயில்ல இளகும், குளிர்ல இறுகும்."

பஸ்காரர் டப்பாவைத் திறந்து பார்த்தார். "எத்தனை தடவை?"

"நீங்க இறங்கும்போதெல்லாம்."

"நான் பேட்டரி மாத்துனேன். ஒயரு முறுக்குனேன். சுவிட்சு மாத்துனேன். கடைக்காரன்கிட்டப் பேச்சு வாங்குனேன். நீங்க மேல பூசிக்கிட்டே இருந்தீங்களா?"

"கத்துச்சே மச்சான்."

"கத்தட்டுமே!"

அந்தச் சொல் கிரீஸ்காரருக்குள் இறங்கவே இல்லை. கத்தட்டும் என்று ஒரு மனுஷன் எப்படிச் சொல்வான்? பஸ்காரர் திட்டுவதற்கு வாயைத் திறந்தார். பெண்டாட்டியின் அண்ணனைத் திட்டும் சொல் ஒன்றும் கைவசம் இல்லாததால் மூடிக்கொண்டார். தங்கச்சிதான் பேசினாள். "பூஜ்யம்னு அது சொல்லுச்சு. அதைக் கேட்டுக்கிட்டு நான்தான் இறக்காதீங்கன்னு உங்களைத் தடுத்தேன். உங்க முதுகு சரியாத்தான் சொல்லியிருக்கு அண்ணே." சொல்லிவிட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எங்கே வைத்தாள் என்று அவர் கேட்கவில்லை.

மறுநாள் கிண்ணத்தைக் கழற்றி, மண்ணெண்ணெய் தொட்ட பஞ்சால் அச்சைத் துடைத்தார்கள். துடைக்கத் துடைக்கக் கறுப்பு வந்துகொண்டே இருந்தது. தையல்காரம்மா தன் மெஷினுக்குப் போடுகிற எண்ணெயைக் கொண்டுவந்தாள். "ஒரு சொட்டு. அதுக்கு மேல விட்டா கையை வெட்டுவேன்." ஒரு சொட்டா என்று கிரீஸ்காரருக்கு மனம் அடித்துக்கொண்டது. ஒரு சொட்டுக் கொடுப்பது அந்த அச்சை அவமானப்படுத்துவது மாதிரி. ஆனால் பஸ்காரர் வாயால் ஊதியதும் கிண்ணங்கள் சுற்றின. ஊதி முடித்தும் சுற்றின.

சில நாள் கழித்து ஒரு காலையில் தலைக்கு மேலே அது ஆரம்பித்தது. கிறீச்... கிறீச்... அவருடைய கை தானாகக் கட்டிலுக்கு அடியில் போய்த் தடவியது. டப்பா இல்லை. எழுந்து அடுக்களைக்குப் போனார். தங்கச்சி பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். பெட்டியில் நல்ல எண் ஒன்று ஏறிக்கொண்டிருந்தது.

"கத்துது, கேக்குதா அண்ணே?"

"கேக்குது."

"இது நல்லதுக்கா, கெட்டதுக்கா?"

அவர் யோசித்தார். "தெரியல புள்ள. என்னால தூங்க முடியலைங்கிறது மட்டும் தெரியுது."

அவள் சிரிக்க வாய் திறந்தாள். அதற்குள் பெட்டி வீடே அதிரக் கத்தியது. இரண்டு பேரும் பின்கட்டுக்கு ஓடினார்கள். அவர் இடதுபக்கம், அவள் வலதுபக்கம். திரைகள் ஒரே நேரத்தில் தரையைத் தொட்டன. கயிற்றை முடிந்துகொண்டே அவர் அண்ணாந்து பார்த்தார். கிண்ணங்கள் தனித்தனியாகத் தெரியாத வேகத்தில் சுற்றின. கிறீச் சத்தம் மட்டும் நின்றுபோயிருந்தது.

ஏன் நின்றது? போன தடவை சத்தம் நின்ற பிறகுதான் பெட்டி பூஜ்யமானது. முடிச்சைப் பாதியில் விட்டுவிட்டு, பெட்டி என்ன சொல்கிறது என்று பார்க்க உள்ளே ஓடினார்.